‘பெல்ட் எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள்

கேள்வி:

வணக்கம் அண்ணே. மதுரை விளாங்குடியிலிருந்து எழுதுகிறேன். நானும் என் வீட்டுக்காரரும் ஒன்றரை வருடமாக நாய், பூனைக்கான பெல்ட், பாடி பெல்ட், செயின், மெத்தை, தட்டு எல்லாம் ஆன்லைனில் விற்கிறோம். சரக்கு பெரும்பாலும் டெல்லி மொத்த வியாபாரியிடம் எடுப்பது. தோல் பெல்ட் மட்டும் திண்டுக்கல்லில் ஒருவர் தைத்துத் தருகிறார். போன மாதம் விளம்பரத்துக்கு 9,000 ரூபாய் போட்டோம். சைட்டுக்கு 2,140 பேர் வந்தார்கள், ஆர்டர் 13தான். அதில் 8 கேஷ் ஆன் டெலிவரி. அதிலும் 3 திரும்பி வந்துவிட்டது, ஒவ்வொன்றுக்கும் போக வர 150 ரூபாய் கூரியர் தண்டம். சராசரி பில் 640 ரூபாய், எங்களுக்கு நிற்பது 35 சதவீதம். வாட்ஸ்அப்பில் ‘பெல்ட் எவ்வளவு’ என்று கேட்கிறார்கள், விலையைச் சொன்னதும் காணாமல் போகிறார்கள். விலையைக் குறைக்கட்டுமா? விளம்பரத்தைக் கூட்டட்டுமா? சைட்டையே மாற்றிக் கட்டட்டுமா? ஒருவர் 3,000 ரூபாய்க்கு 50 ரிவ்யூ போட்டுத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்:

தங்கச்சி, முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. 9,000ஐ 13ஆல் வகுத்தால் 692. ஒரு ஆர்டரைப் பிடிக்க 692 ரூபாய் செலவழித்திருக்கிறீர்கள். அந்த ஆர்டரில் உங்களுக்கு நிற்பது 640 ரூபாயில் 35 சதவீதம், அதாவது 224. திரும்பி வந்த மூன்றைக் கழித்தால் நின்றது 10 ஆர்டர், அப்போது ஒன்றுக்கு 900 ரூபாய். இதைப் படித்து முடித்ததும் விளம்பரத்தை நிறுத்திவிடுங்கள். குடத்தில் ஓட்டை இருக்கும்போது வைகையில் தண்ணீர் கரைபுரண்டு ஓடினால்தான் என்ன? அது ஓடுவதே அபூர்வம் என்பது வேறு கதை.

விலையைக் குறைப்பதும் வேண்டாம். 10 சதவீதம் குறைத்தால் பில்லுக்கு 64 ரூபாய் போகும். அது மொத்த வியாபாரி பங்கிலிருந்து போகாது, முழுக்க உங்கள் 224 ரூபாயிலிருந்துதான் போகும். மிச்சம் 160. பழைய லாபத்தைத் தொடுவதற்கே 13 ஆர்டர் 18ஐத் தாண்ட வேண்டும். தாண்டுமா? எனக்கு நம்பிக்கை இல்லை, ஏனென்றால் நானே ஒருமுறை சூடு பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் சுங்குடி சேலையை ஆன்லைனில் விற்கிறேன் என்று இறங்கினேன். பார்க்க ஆள் வந்தது, வாங்க ஆள் வரவில்லை. 15 சதவீதம் தள்ளுபடி போட்டேன், அப்போதும் அசையவில்லை. ஒரு நாள் ஒரு அம்மா போன் செய்து, “ஏப்பா, இதுல ரவிக்கைத் துணி உண்டா இல்லையா? அத எங்கயும் போடலையே” என்றார். அன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு சேலைக்கும் கீழே நீளம் எத்தனை மீட்டர், ரவிக்கைத் துணி உண்டா, முதல் அலசலில் சாயம் எவ்வளவு விடும் என்று எழுதினேன். தள்ளுபடியை எடுத்த பிறகுதான் சேலை விற்க ஆரம்பித்தது.

உங்கள் கடையிலும் அதே கதைதான் நடக்கிறது. வந்தவர் மனதில் ஒரு கேள்வி இருக்கிறது. கடையில் ஆள் நின்றால் கேட்டுவிடுவார். திரையில் யாரைக் கேட்பது? மூடிவிட்டுப் போகிறார்.

நீங்கள் அனுப்பிய அனலிட்டிக்ஸ் படத்திலிருந்து ஐந்து எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். வந்தவர் 2,140. ஏதாவது ஒரு பொருளைத் திறந்து பார்த்தவர் 1,310. கூடையில் போட்டவர் 118. முகவரி எழுதும் பக்கம் வரை போனவர் 64. முடித்தவர் 13. மொத்தத்தில் நூற்றுக்கு 0.6. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று வரை இருக்கலாம் என்று பேசிக்கொள்வார்கள். ஆனால் அந்த ஒற்றை எண்ணை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் பிரயோசனம் இல்லை. எங்கே கழன்றுகொள்கிறார்கள் என்று பாருங்கள். கூடையில் போட்ட 118 பேரில் 105 பேர் பாதியில் போயிருக்கிறார்கள், அதாவது 89 சதவீதம். டென்மார்க்கில் பேமார்ட் என்றொரு ஆய்வு நிறுவனம் உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் சராசரியே சுமார் 70 சதவீதம்தான். நீங்கள் அந்தச் சராசரியை எட்டினாலே போதும், அதே 118 பேரில் 35 பேர் முடித்திருப்பார்கள். ஒரு ரூபாய் விளம்பரம் கூடுதலாக வேண்டாம்.

போன வாரம் உங்கள் கடையில் நானே ஒரு பெல்ட் வாங்கினேன். சொல்லாமல் வாங்கியதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். திருமங்கலம் பக்கம் என் மச்சான் கன்னி என்ற நாட்டு இனத்து நாய் ஒன்று வளர்க்கிறான், அதற்காக.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு சாதாரண போனில், மொபைல் டேட்டாவில் திறந்தேன். வீட்டு வைஃபையில் உங்கள் சைட்டை நீங்கள் பார்ப்பதும், பஸ்ஸுக்கு நிற்கிறவன் பார்ப்பதும் ஒன்றில்லை. முதல் படம் வருவதற்குள் ஒன்பது வரை எண்ணிவிட்டேன். இரண்டரை விநாடிக்குள் வர வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். படம் ஒவ்வொன்றும் 4 எம்பி இருக்கிறது. அதை வெப்பி (WebP) என்ற, இடம் குறைவாகப் பிடிக்கும் பட வடிவத்தில் சுருக்கிப் போட ஒரு சாயங்காலம் ஆகும். உங்கள் வீட்டுக்காரரிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.

படம் வந்தது. பச்சைப் புல்தரையில் ஒரு கோல்டன் ரெட்ரீவர் சிரித்துக்கொண்டு நிற்கிறது. கீழே அளவு: எஸ், எம், எல், எக்ஸ்எல். எம் என்றால் எத்தனை இன்ச்? எங்கும் இல்லை. மச்சான் நாய் நடுத்தரமான நாய்தானே என்று எம் அமுக்கினேன். விலை 349. அடுத்து, கணக்குத் தொடங்கச் சொன்னது. போன் நம்பர், ஓடிபி, பாஸ்வேர்ட். பிறகு முகவரி, பின்கோடு. எல்லாம் முடிந்து பணம் கட்டும் இடத்தில்தான் டெலிவரி 90 என்று ஒரு வரி வந்து மொத்தம் 439 ஆனது. 64 பேரில் 51 பேர் எந்த இடத்தில் கழன்றார்கள் என்று அப்போது புரிந்தது. பதில் எழுத வேண்டும் என்ற கடமைக்காகத்தான் நானும் மேலே போனேன்.

பார்சல் நாலாம் நாள் வந்தது. கட்டியிருந்த விதம் நன்றாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு திருமங்கலம் போனேன். மச்சான் பெல்ட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, “சரக்கு நல்லாத்தான்யா இருக்கு மாப்ள” என்றான். கழுத்தில் மாட்டினான். இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாகக் கொக்கியைப் போட்டான், அதுதான் முறை. செயினைப் பிடித்து இரண்டு அடி நடந்தான். அந்த நாய் அவனையே ஒரு பார்வை பார்த்தது, தலையைக் குனிந்தது, பின்னாலேயே இரண்டு எட்டு வைத்தது. பெல்ட் காதைத் தாண்டி வழுக்கி வந்து மச்சான் கையில் தொங்கியது. நாய் தொழுவத்து ஓரம் போய் நின்றுகொண்டு வாலை ஆட்டியது.

“இது கழுத்துக்கா, இடுப்புக்கா?” என்றான் மச்சான்.

அவன் வீட்டில் டேப் இல்லை. சாக்குத் தைக்கிற சணலால் கழுத்தைச் சுற்றி எடுத்து, பையனின் ஸ்கேலில் வைத்துப் பார்த்தோம். கழுத்து 14 இன்ச். தலை, காதுக்கு முன்னால் சுற்றி எடுத்தால் பதினாலேகால். இரண்டு விரல் தளர்வு விட்டால் பெல்ட் 15 இன்ச் ஆகிறது. பதினாலேகால் தலை அதில் நிற்குமா? லேப்ரடாருக்கு நிற்கும், அதற்குத் தலை பெரியது. கன்னி, சிப்பிப்பாறை மாதிரி வேட்டைக்கு ஓடுகிற மெலிந்த நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே சுற்று. இறுக்கிப் போட்டால் மூச்சு முட்டும், தளர்த்திப் போட்டால் கழன்றுவிடும். பாடி பெல்ட்டிலும் இதே சிக்கல்தான். மார்பு ஆழம், இடுப்பு ஒட்டிப்போய் இருக்கும். வெளிநாட்டு நாய்க்கு வெட்டிய எம் அளவு மார்பில் பிடிக்கும், வயிற்றில் தொங்கும்.

இதற்கு ஒரு பெல்ட் இருக்கிறது. மார்ட்டிங்கேல் என்பார்கள். பெரிய வளையம் ஒன்று, அதன் இரண்டு முனையையும் கோத்துச் சின்ன வளையம் ஒன்று. செயின் மாட்டுவது சின்ன வளையத்தில். நாய் சும்மா நிற்கும்போது பெரிய வளையம் தளர்ந்து கிடக்கும். பின்னால் இழுத்தால் சின்ன வளையம் இழுபட்டுப் பெரியது கழுத்தளவுக்குச் சுருங்கி நிற்கும். அதற்கு மேல் இறுகாதபடி அளவு வைக்க வேண்டும், இல்லையென்றால் அது சுருக்குக் கயிறாகிவிடும். ஆள் இல்லாத நேரத்தில் நாய் கழுத்தில் அதை விட்டுவைக்கக் கூடாது என்பதையும் கூடவே எழுத வேண்டும், சின்ன வளையம் எதிலாவது மாட்டிக்கொள்ளும். உங்கள் திண்டுக்கல்காரர் தோல் வாரில் இதைத் தைத்துவிடுவார், பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்களைச் சுற்றி என்ன நாய் இருக்கிறது? தெற்கே ராஜபாளையம், சிப்பிப்பாறை. மேற்கே தேனி மாவட்டத்தில் கோம்பை. இவற்றோடு நம் தென்மாவட்டத்துக் கன்னி. 2005இல் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது நாலில் ஒன்று ராஜபாளையம். தபால்தலையில் இடம் கிடைத்த நாய்க்கு விளாங்குடிக் கடையில் ஒரு படம் கிடைக்கவில்லை, ஹஸ்கிக்குத்தான் கிடைத்திருக்கிறது. டெல்லி சரக்கை உங்களைவிட மலிவாக விற்கப் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன, அங்கே போட்டி போட முடியாது. சிப்பிப்பாறைக்குக் கழலாத பெல்ட் எந்த அளவு என்று தெரிந்த கடையாக இருப்பது உங்களால் முடியும்.

எப்படி ஆரம்பிப்பது? ஒரு தையல் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு நாலைந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புங்கள். கால்நடை மருத்துவமனை வாசலில் ஊசி போடக் காத்திருப்பவர்கள், தெரிந்த பண்ணைக்காரர்கள், தெருவில் நாய் வளர்ப்பவர்கள் என்று ஒரு நாற்பது நாயையாவது அளந்துவிடுங்கள். இனம், வயது, கழுத்து, தலை, மார்பு. அதை அப்படியே சைட்டில் போடுங்கள்: ‘நாங்கள் அளந்த ஒன்பது கன்னி நாய்களின் கழுத்து இத்தனை இன்ச்சிலிருந்து இத்தனை இன்ச் வரை.’ எஸ், எம், எல்லைத் தூக்கிவிட்டு இன்ச்சை வையுங்கள். நம் ஊரில் செண்டிமீட்டரில் சொன்னால் திரும்பக் கேட்பார்கள்.

எனக்குப் புது மண்டபத்துத் தையல்காரர்கள் ஞாபகம் வருகிறது. இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். சின்ன வயதில் அம்மாவோடு போய் நின்றால், என்ன விலை என்று அம்மா வாயைத் திறப்பதற்குள் அவர் டேப்பை என் தோளில் போட்டிருப்பார். அளவு எடுத்த பிறகு யார் கடை மாறிப் போவார்கள்? உங்கள் சைட் அந்த டேப்பை எடுக்க வேண்டும். விலைக்குப் பக்கத்திலேயே ஒரு வரி: ‘சணலால் கழுத்தைச் சுற்றி எடுத்து ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். எத்தனை இன்ச்?’ இருபது விநாடி வீடியோ, தமிழில், உங்கள் குரலில். அதற்குக் கீழே ஒரு பொத்தான்: ‘அளவு தெரியல, நாய் போட்டோ அனுப்புறேன்.’ அது நேரே வாட்ஸ்அப்புக்குப் போகட்டும்.

அதோடு, அளவு சேரவில்லை என்றால் ஒருமுறை மாற்றித் தருவோம், கூரியர் எங்கள் செலவு என்று எழுதுங்கள். பயமாக இருக்கிறதா? போக வர 150 ரூபாய். பத்தில் ஒருவர் மாற்றினால் ஆர்டருக்கு 15 ரூபாய் விழும். 692 எங்கே, 15 எங்கே!

பெயரையும் மாற்றுங்கள். சைட் முழுக்க ‘காலர்’, ‘ஹார்னஸ்’, ‘லீஷ்’ என்று இருக்கிறது. நம்மவர்கள் நாய் பெல்ட் என்பார்கள், பாடி பெல்ட் என்பார்கள், செயின் என்பார்கள். தேடுவதும் அப்படித்தான். எனக்கு எழுதிய கடிதத்தில் நீங்களே பெல்ட் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். கடையில் மட்டும் ஏன் வேறு பாஷை?

படம் பற்றி ஒன்று. மொத்த வியாபாரி கொடுத்த அந்தப் புல்தரைப் படம் உங்களிடம் மட்டுமா இருக்கிறது? அவரிடம் வாங்கும் எல்லோரிடமும் இருக்கிறது. வாடிக்கையாளர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் அதே பெல்ட் 60 ரூபாய் குறைவாக எங்கே கிடைக்கிறது என்று வரிசையாக வந்து நிற்கும். விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியை நீங்களே செய்து கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் தெரு நாட்டு நாய்க்கு மாட்டி, விளாங்குடி வெயிலில், உங்கள் போனிலேயே எடுங்கள். கொக்கியை ஒரு படம், டி வளையத்தில் தையல் எத்தனை வரிசை என்று ஒரு படம், கையில் பிடித்து அகலம் தெரிய ஒரு படம். அழகாக வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

டெலிவரிக்கு வருகிறேன். கூடையைக் கைவிடுகிறவர்கள் சொல்லும் காரணங்களில் முதலிடம் கடைசியில் ஏறும் கூடுதல் செலவுக்குத்தான். பேமார்ட் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. உங்களுக்கு ஒரு வழிக் கூரியர் 75தான் ஆகிறது, 90 வாங்குகிறீர்கள். அந்த 15 ரூபாய் லாபம் எத்தனை பேரை விரட்டியிருக்கும்! 349ம் 75ம் 424. ‘419, தமிழ்நாடு முழுக்க டெலிவரி சேர்த்து’ என்று முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள், 5 ரூபாய் போனால் போகட்டும். செயினும் கூட எடுத்தால் 60 ரூபாய் குறைத்துக் கொடுக்கலாம், இரண்டும் ஒரே அரை கிலோ பார்சலில் போய்விடும். கணக்குத் தொடங்கு, பாஸ்வேர்ட் வை என்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள். பெயர், போன், முகவரி, யுபிஐ. வேறென்ன வேண்டும்?

மெத்தை மட்டும் தனிக் கதை. 60க்கு 50க்கு 20 செண்டிமீட்டர் பெட்டியில் அனுப்புகிறீர்கள். பெருக்கினால் 60,000. கூரியர்காரர்கள் பலர் அதை 5,000ஆல் வகுத்து வரும் எண்ணைத்தான் எடையாகக் கொள்வார்கள், ஆக 12 கிலோ. உள்ளே இருப்பதோ ஒன்றரைக் கிலோ பஞ்சு. மெத்தை விற்று நஷ்டப்படுகிறோம் என்று கடித ஓரத்தில் எழுதியிருந்தீர்களே, காரணம் இதுதான். வெளியூருக்கு உறையை மட்டும் விற்றுப் பாருங்கள். ஜிப் வைத்த கெட்டித் துணி உறை, மடித்தால் ஒரு சட்டைப் பெட்டி அளவு. உள்ளே பழைய போர்வையோ இலவம்பஞ்சோ அவர்களே அடைத்துக்கொள்வார்கள். போடிக்காரர்களிடம் போய் இலவம்பஞ்சுக்குப் பஞ்சமா என்று கேளுங்கள், சிரிப்பார்கள். முழு மெத்தையை மதுரை ஊருக்குள் மட்டும் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் சாயங்காலம் கொடுத்துவிடலாம். பின்கோடு 625இல் தொடங்கினால் உள்ளூர் என்று மட்டும் சைட்டில் போட்டுவிடாதீர்கள், தேனியும் 625தான். கோம்பைக்கு ஸ்கூட்டரில் மெத்தை கொண்டுபோக வேண்டிவரும்.

கேஷ் ஆன் டெலிவரியை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். முகம் தெரியாத கடையில் முன்பணம் கட்டத் தயங்குவது நியாயம்தான். ஆர்டர் வந்த உடனே வாட்ஸ்அப்பில் ‘கழுத்து 14 இன்ச், பிரவுன் தோல் பெல்ட், 419 ரூபாய், அனுப்பலாமா?’ என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு பார்சல் கட்டுங்கள். திரும்பி வந்த மூன்றில் இரண்டையாவது இது தடுத்திருக்கும் என்பது என் ஊகம்.

‘பெல்ட் எவ்வளவு’ என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய உரையாடல்களைப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி. ‘பெல்ட் எவ்வளவு?’ ‘349.’ அவ்வளவுதான், அதற்கு மேல் அவர் என்ன பேசுவார்? விலையை மறைக்காதீர்கள், ‘இன்பாக்ஸ் பண்ணுங்க’ என்று சொல்கிற கடைகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். விலையைச் சொல்லிவிட்டுக் கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்.

“419ங்க, டெலிவரி சேர்த்து. என்ன நாய் வச்சிருக்கீங்க?”

“சிப்பிப்பாறை. எட்டு மாசம்.”

“எட்டு மாசமா? இன்னும் கொஞ்சம் வளருமே. கழுத்துல இப்ப என்ன போட்டிருக்கீங்க?”

“சாதா பெல்ட்தான். ரெண்டு தடவை கழட்டிட்டு ஓடிருச்சு.”

நாய் வளர்ப்பவரிடம் அவர் நாயைப் பற்றிக் கேட்டுவிட்டால் அவர் போனைக் கீழே வைக்க மாட்டார். இந்த இடத்தில் நீங்கள் அவருக்கு விற்கக் கூடாததையும் சொல்ல வேண்டும். குட்டிக்குத் தோல் பெல்ட் வேண்டாம், ஆறு மாதத்தில் சின்னதாகிவிடும், நைலானே போதும் என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். 400 ரூபாய் போகும். வளர்ந்த பிறகு அவர் யாரிடம் வருவார்?

ரிவ்யூ விற்பவருக்கு 3,000 கொடுக்காதீர்கள். கடைக்காரரே வாடிக்கையாளர் வேடம் போட்டு ரிவ்யூ எழுதுவதை 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள் தடை செய்கின்றன. சட்டம் கிடக்கட்டும், மாதம் 13 ஆர்டர் போகும் கடையில் ஒரே வாரத்தில் 50 பேர் ‘சூப்பர் குவாலிட்டி’ என்று எழுதினால் யார் நம்புவார்கள்? அதே போல உங்கள் சைட்டில் ‘இன்னும் 09:59 நிமிடம்’ என்று ஒரு கடிகாரம் ஓடுகிறதே, பக்கத்தைத் திரும்பத் திறந்தால் மறுபடி 09:59லிருந்து தொடங்குகிறது. பொய்யான அவசரம் காட்டுவதை 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்தி என்றே வகைப்படுத்தியிருக்கின்றன. அதையும் எடுத்துவிடுங்கள். பதிலுக்கு, வாங்கியவர்களிடம் அவர்கள் நாய் பெல்ட் போட்டு நடக்கிற பத்து விநாடி வீடியோ கேளுங்கள். அனுமதி வாங்கி, இனத்தையும் இன்ச்சையும் எழுதிப் போடுங்கள். ஐந்து போதும்.

இன்னொன்று, ‘தொடர்புக்கு’ பக்கத்தில் வெறும் படிவம்தான் இருக்கிறது. கடை முகவரி, போன், குறை சொன்னால் கேட்பவர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும் என்பது அதே 2020 விதிகள்தான். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளாங்குடி என்ற பெயரைப் பார்த்தால் மதுரைக்காரருக்கு ஒரு தைரியம் வரும்.

பில்லை உயர்த்த ஒரு யோசனை. தீபாவளி வெடிக்குப் பயந்து நாய் ஓடிப்போவது வருடா வருடம் நடப்பது. பெல்ட்டில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு, அதில் நாயின் பெயரும் போன் நம்பரும். வெட்டித் தர மெஷின் வாங்க வேண்டாம். பாத்திரக் கடையில் சீர்வரிசைப் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவர் இருப்பாரே, அவரிடம் மொத்தமாகக் கொடுங்கள். புரட்டாசியிலேயே ஆரம்பித்துவிடுங்கள், ஐப்பசியில் அவருக்கு நிற்க நேரம் இருக்காது. பேர் வெட்டிய பொருளை ரிட்டன் எடுக்க முடியாது என்று தெளிவாக எழுதிவிட்டு, பணத்தை முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.

சைட்டை இடித்துக் கட்டுவது, பொத்தானைச் சிவப்பாக்கிப் பார்ப்பது, பச்சையாக்கிப் பார்ப்பது எல்லாம் இப்போது வேண்டாம். 13 என்பது ரொம்பச் சின்ன எண். எதையுமே மாற்றாமல் விட்டாலும் அடுத்த மாதம் 9 வரலாம், 17 வரலாம். 17 வந்தால் பொத்தான் நிறத்தால் வந்தது என்று நினைத்துக்கொள்வீர்கள். அளவு, டெலிவரி, படம் மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் மாற்றிவிட்டு மூன்று மாதம் பாருங்கள். கூடையில் போட்டவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்ற கணக்கு ஒன்று, வாட்ஸ்அப்பில் ‘அளவு சரியா இருக்குமா’ என்று வாரத்துக்கு எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற கணக்கு ஒன்று. நோட்டில் எழுதி வந்தாலே போதும். முதல் எண் ஏறி, இரண்டாவது இறங்கினால், விளம்பரத்துக்கு மறுபடி ஒரு 2,000 போட்டுப் பார்க்கலாம்.

வாங்கிய பெல்ட்டைத் திருப்பி அனுப்பவில்லை. மச்சான் அதை வாசல் கேட்டைக் கட்டி வைக்க எடுத்துக்கொண்டான். திண்டுக்கல்காரர் தோலில் மார்ட்டிங்கேல் தைத்ததும் சொல்லுங்கள். கழுத்து 14, தலை பதினாலேகால், பிரவுன் கலர். பணத்தை முன்னாலேயே அனுப்பிவிடுகிறேன்.